திருவொற்றியூரில் எங்கே க்ளிக் செய்தீர்கள்?

நோட்பேடைத் திறந்து 'திருவொற்றியூர்' என்று தட்டுங்கள். வடசென்னைக்காரர்களுக்குப் பழக்கப்பட்ட பெயர், மற்றவர்களுக்கு நல்ல டைப்பிங் பயிற்சி :-) எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டு, நடுவில் இருக்கும் 'வொ'வை மட்டும் பாருங்கள். இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, நடுவில் வ, வலப்பக்கம் துணைக்கால். கொம்புக்கும் வகரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் இடைவெளி இருக்கிறது இல்லையா? மவுஸைச் சரியாக அந்த இடைவெளியில் வைத்து ஒரு க்ளிக் செய்யுங்கள்.

கர்சர் அங்கே நிற்காது. 'ரு'வுக்கும் 'வொ'வுக்கும் நடுவே போய் நிற்கும். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, வகரத்துக்கும் துணைக்காலுக்கும் நடுவே க்ளிக் செய்தால் 'வொ'வைத் தாண்டிப்போய் நிற்கும். என்ன செய்தாலும் உள்ளே மட்டும் போகாது.

நமக்கு இது இயல்பாகத் தெரிகிறது. 'வொ' என்பது ஓர் எழுத்து, ஓர் எழுத்தின் வயிற்றுக்குள் கர்சருக்கு என்ன வேலை? ஆனால் கம்ப்யூட்டர் தொல்காப்பியம் படித்ததில்லை. அது ஓர் எழுத்து என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ரொம்ப நாள் வரைக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு க்ளிக் எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதன் சரித்திரமும், தமிழில் எழுத்து என்றால் எது என்ற பழைய கேள்வியும் ஓர் இடத்தில் சந்தித்த கதைதான் இந்தப் பதிவு.

பேனாவும் எலியும்

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர் தன் முனைவர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளைச் செய்தார். திரையிலேயே கோடு, வட்டம் எல்லாம் வரையலாம், வரைந்ததைத் தொட்டு நகர்த்தலாம். தொடுவதற்கு அவர் பயன்படுத்தியது மவுஸ் அல்ல, ஒளிப்பேனா.

ஒளிப்பேனாவின் சூட்சுமம் எளிமையானது. அந்தக் காலத்துத் திரையில் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் ஒளிரும். புள்ளிகள் வேகமாக மாறி மாறி ஒளிர்வதால் நமக்கு முழுப்படம் தெரிகிறது. பேனாவின் முனையில் ஒளியை உணரும் ஒரு கண் இருக்கும். தனக்கு எதிரே ஒரு புள்ளி ஒளிர்ந்ததும் அது கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுக்கும். அந்த நொடியில் எந்தக் கோட்டின் புள்ளியைப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது கம்ப்யூட்டருக்கே தெரியும். ஆகவே பயனர் தொட்டது எந்தப் பொருள் என்பதும் உடனே தெரிந்துவிடும். பேனா 'எது' என்று சொல்லிவிடுகிறது.

மவுஸ் அப்படியில்லை. டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் 1964-ல் செய்த முதல் மவுஸ், ஒரு மரப்பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு சக்கரங்கள். ஒன்று இடவல அசைவையும் மற்றது மேல்கீழ் அசைவையும் அளக்கும். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதை உலகத்துக்குக் காட்டினார். கையைத் தூக்கித் திரைமேல் வைத்திருக்க வேண்டியதில்லை, மேஜைமேல் வைத்தே வேலை செய்யலாம். பெரிய வசதி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மவுஸுக்குத் திரையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அது கொடுப்பது இரண்டு எண்கள் மட்டும்: இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு. மவுஸ் சொல்வது 'எங்கே' என்பதை மட்டுமே. 'எது' என்பதை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஆங்கிலத்தில் 'ஹிட் டெஸ்டிங்' என்று பெயர். 1984-ல் வந்த மெக்கின்டாஷில் இது அழகாக அடுக்கப்பட்டிருந்தது. க்ளிக் விழுந்ததும் நிரல் முதலில் 'ஃபைண்ட்விண்டோ' என்ற செயல்கூறைக் கூப்பிடும். விழுந்தது மெனுப் பட்டையிலா, ஜன்னலின் தலைப்பிலா, மூடும் பெட்டியிலா, உள்ளடக்கத்திலா என்று அது சொல்லும். உள்ளடக்கத்தில் என்றால் அடுத்து 'ஃபைண்ட்கன்ட்ரோல்'. விழுந்தது ஸ்க்ரோல் பட்டையின் மேல் அம்பிலா, கீழ் அம்பிலா, நகரும் கட்டையிலா, கட்டைக்கு மேலா கீழா என்று அது பிரித்துச் சொல்லும். விண்டோஸிலும் இதே கதைதான். மவுஸ் நகரும்போதெல்லாம் விண்டோஸ் அந்தந்த ஜன்னலையே கேட்கும்: 'இந்த இரண்டு எண்களும் உன் உடம்பில் எந்தப் பகுதி?'

தபால்காரர் வேலை மாதிரிதான் இது. முதலில் ஊர், அப்புறம் தெரு, அப்புறம் கதவு எண். ஊரையும் தெருவையும் பிரிப்பது சுலபம், ஏனென்றால் பொத்தானும் பட்டையும் நிரலர்களே வரைந்த கட்டங்கள். எல்லை எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். கஷ்டம் வருவது கடைசிக் கதவில், அதாவது எழுத்துப் பெட்டிக்குள் எந்த எழுத்து என்று கேட்கும்போது. எழுத்தின் எல்லையை நிரலர் வரைவதில்லை. அதை மொழி வரைந்து வைத்திருக்கிறது.

எழுத்துக்கு நடுவே

தட்டச்சு இயந்திரத்தில் உங்கள் இடம் என்பது ஓர் எழுத்தின் மேல்தான். பழைய திரைகளிலும் அப்படியே, ஒரு கட்டம் மின்னிக்கொண்டிருக்கும். இரண்டு எழுத்துக்கு நடுவே க்ளிக் செய்தால் அங்கே ஒரு மெல்லிய கோடு நிற்கும், தட்டுவது அங்கே நுழையும் என்ற இன்றைய வழக்கத்துக்கு முக்கியக் காரணம் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 1970களின் நடுவில் செய்த 'ஜிப்ஸி' எடிட்டர். கின் என்ற பாடப்புத்தகப் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காகச் செய்தது அது. கட், காபி, பேஸ்ட்டைப் பிரபலமாக்கியவர் என்று நாம் கேள்விப்படுகிற அதே டெஸ்லர்தான். 2020-ல் காலமானார்.

எழுத்துக்கு நடுவே என்பதைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஆங்கிலத்துக்குப் பள்ளிக்கூடக் கணக்குதான். எல்லா எழுத்தும் 10 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். க்ளிக் விழுந்தது வரியின் தொடக்கத்திலிருந்து 34-வது பிக்சலில். மூன்று எழுத்து தாண்டியாகிவிட்டது, நான்காவதில் 4 பிக்சல் உள்ளே இருக்கிறோம். பாதிக்கும் குறைவு, ஆகவே கர்சர் நான்காவது எழுத்துக்கு முன்னால். 37-ல் விழுந்திருந்தால் பின்னால். அகலங்கள் வேறுவேறாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமலேயே நம்பிக்கொண்டிருக்கிறது. நினைவகத்தில் ஒரு குறியீடு, திரையில் ஓர் உருவம், படிப்பவர் கண்ணில் ஓர் எழுத்து, இவை மூன்றும் ஒன்று என்பதுதான் அது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய உண்மை. தமிழில் இல்லை.

தட்டச்சு முதல் திஸ்கி வரை

தமிழ் இலக்கணப்படி எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. சின்னப் பிள்ளைகளும் இப்படித்தான் கற்கிறார்கள். 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று மூன்றாக யாரும் வாசிப்பதில்லை.

ஆனால் 247 சாவி வைத்துத் தட்டச்சு இயந்திரம் செய்ய முடியாது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சை உருவாக்கியபோது எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்துச் சாவிகளில் அடக்க வேண்டியிருந்தது. கொம்புக்குத் தனிச் சாவி, காலுக்குத் தனிச் சாவி. 'வொ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு வ, பிறகு கால். வாயில் வ முதலில் வருகிறது, காகிதத்தில் கொம்பு முதலில் வருகிறது. இயந்திரம் காகிதத்தின் பக்கம் நின்றது.

இதற்கிடையில் எழுத்தின் உருவமே ஒருமுறை மாறியது. பெரியார் வலியுறுத்திப் பயன்படுத்திவந்த சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் சுழித்துப் பின்னிய பழைய வடிவங்கள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே காலும் இணைக்கொம்பும் தனித்தனியாக நிற்க ஆரம்பித்தன. நம் விஷயத்துக்கு இது முக்கியம். பழைய 'றா' ஒரே சுழிப்பு, அதற்குள் இடைவெளியே கிடையாது. புதிய 'றா'வில் நடுவே ஒரு வெற்றிடம் தெரிகிறது. உகர ஊகார வரிசைகள் மட்டும் மாறவில்லை. 'புழல்' என்று எழுதிப் பாருங்கள். 'பு'வை எங்கே வெட்டுவீர்கள்? வெட்ட இடமில்லை. கண்ணுக்குத் தெரியும் இடைவெளியை வைத்து எழுத்தின் எல்லையை முடிவு செய்தால் 'பு' ஒன்று, 'றா' இரண்டு என்றாகிவிடும். எல்லையைக் காட்ட உருவம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

கம்ப்யூட்டர் வந்ததும் தட்டச்சின் வழியே தொடர்ந்தது. 1990களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ்த் துண்டுகளை உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு வரிசை. ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசிப் பேசி உருவாக்கியது திஸ்கி. முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன், மதுரைத் திட்டத்தை நடத்திவரும் கு. கல்யாணசுந்தரம் போன்றவர்களின் உழைப்பு அதில் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டின் வழியாகத் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைக் கொண்டுவந்தது. தமிழ்99 விசைப்பலகையும் அதே மாநாட்டின் பிள்ளைதான்.

திஸ்கியில் நம் திருவொற்றியூர் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று பார்ப்போம். த, மேல்விலங்கு: 2. 'ரு' முழுதாக ஒரே குறியீடு: 1. கொம்பு, வ, கால்: 3. 'ற்' முழுதாக: 1. ற, மேல்விலங்கு: 2. 'யூ' முழுதாக: 1. 'ர்' முழுதாக: 1. ஆக மொத்தம் 11. நாம் படிக்கும் எழுத்துகளோ தி, ரு, வொ, ற், றி, யூ, ர் என்று 7 மட்டுமே.

இப்போது மேலே பார்த்த பள்ளிக்கூடக் கணக்கை ஓட்டுங்கள். சாதாரண எடிட்டருக்குத் திஸ்கி என்றால் என்னவென்றே தெரியாது. அது 11 ஆங்கில எழுத்துகளைப் பார்க்கிறது. 11 எழுத்து என்றால் கர்சர் நிற்க 12 இடங்கள். நமக்கு அர்த்தமுள்ள இடங்களோ 8 தான். மீதி 4 இடங்களும் எழுத்தின் வயிற்றுக்குள்.

விளைவு என்ன? 'வொ'வின் கொம்புக்கும் வகரத்துக்கும் நடுவே க்ளிக் செய்தால் கர்சர் பவ்யமாக அங்கேயே நிற்கும். அங்கே பேக்ஸ்பேஸ் தட்டினால் கொம்பு மட்டும் போய்த் 'திருவாற்றியூர்' ஆகிவிடும். அதே இடத்தில் 'ட' தட்டினால் கொம்பு புதிதாக வந்த டகரத்தோடு ஒட்டிக்கொள்ள, 'திருடெவாற்றியூர்' என்று ஊரே திருட்டுப் பட்டம் வாங்கிக்கொள்ளும் :-) பாதி எழுத்தை மட்டும் தேர்வு செய்து காபி எடுக்கலாம். கொம்பு வரிக் கடைசியிலும் எழுத்து அடுத்த வரித் தொடக்கத்திலும் விழலாம்.

திஸ்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்த மென்பொருளும் தமிழைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே தமிழைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைக்குள் செய்யப்பட்ட வேலை அது. அந்த நிபந்தனையில் அதைவிட நன்றாகச் செய்ய இடமில்லை. க்ளிக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மென்பொருளுக்கே தமிழ் தெரிந்தாக வேண்டும்.

உள்ளே இரண்டு, திரையில் மூன்று, கண்ணுக்கு ஒன்று

1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தின் 1988-ம் ஆண்டு வடிவத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. அதன் வழி தட்டச்சுக்கு நேர் எதிர். காகிதத்தில் எது முதலில் என்று பார்க்காமல், வாயில் எது முதலில் என்று பார்த்தது. 'வொ' என்பது வ, அதன் பின் ஒகரக் குறி. இரண்டே குறியீடுகள்.

இந்தக் கணக்கில் திருவொற்றியூர் 14 குறியீடுகள். ஏழு எழுத்தும் இரண்டிரண்டாகப் பிரிகின்றன: அகரம் ஏறிய மெய் ஒன்று, அதன் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ ஒன்று. திஸ்கியில் 11 ஆக இருந்தது 14 ஆகிவிட்டதே, நிலைமை இன்னும் மோசம்தானே என்று தோன்றும். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் மோசம்தான். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் யூனிகோடில் தமிழ் சேர்ந்தும், பல ஆண்டுகள் அது காகிதத்தில்தான் இருந்தது.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழைக் கொண்டுவந்தது. அதன் உள்ளே வேலை செய்தது யூனிஸ்க்ரைப் என்ற நூலகம். அதன் வேலை முறையைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

முதலில் அது குறியீடுகளைக் கொத்துகளாகக் கட்டுகிறது. வ, ஒகரக் குறி, இரண்டும் ஒரு கொத்து. அடுத்து கொத்தை உருவங்களாக மாற்றுகிறது. ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை இடப்பக்கம் அனுப்பி, காலை வலப்பக்கம் வைக்கிறது. இரண்டு குறியீடு உள்ளே போய், மூன்று உருவங்கள் வெளியே வருகின்றன. ஆனால் மூன்று உருவங்களும் இந்தக் கொத்தைச் சேர்ந்தவை என்று ஒரு குறிப்பேடும் கூடவே எழுதி வைக்கிறது.

க்ளிக் விழும்போது அந்தக் குறிப்பேட்டைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அதற்கென்றே 'ஸ்கிரிப்ட்எக்ஸ்டுசிபி' என்ற செயல்கூறு. இத்தனையாவது பிக்சல் என்று கொடுத்தால், எந்தக் குறியீடு, அதன் முன்பக்கமா பின்பக்கமா என்று திருப்பிக் கொடுக்கும். எந்தெந்த வரிவடிவத்தில் கர்சர் கொத்தின் ஓரங்களில் மட்டும் நிற்க வேண்டும் என்றும் யூனிஸ்க்ரைப் தெரிந்து வைத்திருந்தது. தாய் மொழி (தாய்லாந்தின் மொழியைச் சொல்கிறேன்), இந்திய மொழிகள் எல்லாம் அந்தப் பட்டியலில். அரபிக்கு வேறு விதி, அங்கே கொத்தின் நடுவிலும் நிற்கலாம்.

அதாவது சேமிப்பு வேறு, உருவம் வேறு, எழுத்து வேறு என்று மூன்றையும் பிரித்து ஒத்துக்கொண்ட பிறகுதான் தமிழில் க்ளிக் சரியான இடத்தில் விழ ஆரம்பித்தது. பாதி விதி அப்படியே இருக்கிறது. ஆனால் பாதி என்பது இப்போது துண்டின் பாதி அல்ல, எழுத்தின் பாதி.

நகரத்துக்கு மேல் ஒரு விலங்கு

ஒரு நிறுவனம் தன் மென்பொருளுக்குள் விதி வைத்துக்கொள்வது போதாது. எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும். 2006 அக்டோபரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 2-ல் தமிழ்ப் பதிவுகளைப் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பத்தியை இரு ஓரமும் சீராக்கி (ஜஸ்டிஃபை) வைத்திருந்தால் போச்சு, கொம்பு தனியே கால் தனியே என்று பத்தி முழுக்க உடைந்து கிடக்கும். 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்து சரியானது.

அதே 2008-ல் யூனிகோட் 5.1 வெளிவந்தது. பயனர் ஓர் எழுத்து என்று நினைப்பதை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் இணைப்பு ஒன்று யூனிகோடில் உண்டு, எண் 29. அதன் பழைய பொது விதியில் புள்ளி எழுத்தோடு சேரும், ஆகவே 'க்' ஒன்று. ஆனால் 'நி' இரண்டாக உடையும், ஏனென்றால் மேல்விலங்கு தனக்கென இடம் எடுத்துக்கொள்ளும் குறி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. 5.1-ல் 'நீட்டித்த கொத்து' என்ற புதிய விதி வந்து, இப்படிப்பட்ட குறிகளையும் எழுத்தோடு சேர்த்தது. அந்த ஆவணத்தில் இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியிருப்பது எந்த எழுத்து தெரியுமா? நம்ம 'நி' தான்.

இதன் பலன் க்ளிக்கோடு நிற்கவில்லை. ஆப்பிள் 2014-ல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியில் திருவொற்றியூரை எண்ணச் சொன்னால் 7 என்று சொல்லும். பைத்தானைக் கேட்டால் 14. இரண்டும் சரி. கேள்விதான் வேறு.

இன்னொரு வழியும் முன்வைக்கப்பட்டது. ஏன் இத்தனை குறிப்பேடு, கொத்து, விதி? 247 எழுத்துக்கும் ஆளுக்கு ஒரு குறியீடு கொடுத்துவிட்டால் ஆங்கிலத்தின் பள்ளிக்கூடக் கணக்கே தமிழுக்கும் போதுமே? டேஸ்-16 என்ற அனைத்து எழுத்துக் குறியாக்கத்தின் வாதம் இது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. வாதத்தில் நியாயம் இருக்கிறது. தமிழரின் எழுத்துக் கருத்துக்கு அதுதான் கிட்டே வருகிறது. ஆனால் யூனிகோட் ஒருமுறை கொடுத்த குறியீடுகளை மாற்றுவதில்லை என்ற கொள்கை உடையது, அதற்குள் உலகம் முழுக்கத் தமிழ் அந்தக் குறியீடுகளில் குவிந்திருந்தது. டேஸ்-16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில்தான் உட்கார முடிந்தது. அங்கே இருப்பது எழுத்தா படமா என்று வெளி உலக மென்பொருளுக்குத் தெரியாது. பொதுப் பயன்பாட்டில் யூனிகோடே நிலைத்தது. ஆனாலும் மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் முறையான பெயர் கொடுத்து யூனிகோடே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. குறியீடு தனியாக இல்லாவிட்டாலும், அவை தனி எழுத்துகள் என்ற அங்கீகாரம் அது.

இன்னும் மிச்சம் இருப்பவை

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை.

'லக்ஷ்மி'யை எடுத்துக்கொள்ளுங்கள். க்ஷ ஒரே எழுத்து என்பவர்கள் உண்டு, திரையிலும் ஒரே உருவமாகத்தான் வருகிறது. யூனிகோடின் பொது விதிப்படி அது க், ஷ என்று இரண்டு கொத்து. 2023-ல் 15.1 பதிப்பில் இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துகள் உடையாதபடி புதிய விதி வந்தது. தமிழ் அதில் இல்லை. காரணம் புரிகிறது, தமிழில் புள்ளி வைத்தால் அடுத்த எழுத்து தனிதான், க்ஷ ஒரு விதிவிலக்கு.

அடுத்தது பேக்ஸ்பேஸ். விண்டோஸில் 'வொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டினால் ஒகரக் குறி மட்டும் போய் 'வ' மிஞ்சும். முன்னால் வைத்து டெலீட் தட்டினால் முழு 'வொ'வும் போகும். க்ளிக்குக்கு அது ஓர் எழுத்து, பேக்ஸ்பேஸுக்கு இரண்டு. இது தெரிந்தே வைத்த ஏற்பாடு. உயிர்க்குறியைத் தப்பாகத் தட்டியவர் அதை மட்டும் திருத்தலாம் அல்லவா?

மூன்றாவது, இதெல்லாம் கர்சர் நிற்கும் இடம் பற்றிய சின்ன விஷயம்தானே என்பவர்களுக்கு. தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து போடுவது வழக்கம். முத்துவேல் மகன் என்பதால் மு. கருணாநிதி. முதல் எழுத்தை எடு என்று ஒரு நிரலிடம் சொன்னால், குறியீட்டை எண்ணும் நிரல் 'மு'வை விட்டுவிட்டு 'ம' என்று எடுத்துத் தரும். ஆள் மாறிப்போகும். தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் ஆணையிட்ட பிறகு இது பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் வருகிற விஷயம். க்ளிக் செய்யும்போது 'மு'வை உடைக்காத அதே விதியை, எண்ணும்போதும் வெட்டும்போதும் பயன்படுத்த வேண்டும். விதி 2008 முதல் இருக்கிறது, நிரல் எழுதுகிறவர்கள் கூப்பிட்டால் போதும். கணினி படிக்கிற நண்பர்கள் தங்கள் அடுத்த ப்ராஜெக்டில் தமிழ்ப் பெயர் வாங்கும் பெட்டி வைக்கும்போது இதை நினைவில் வையுங்கள். இருபது எழுத்துக்குமேல் கூடாது என்று நீங்கள் போடும் எல்லை, தமிழருக்குப் பத்துப் பதினைந்து எழுத்திலேயே முடிந்துவிடலாம்.

கடைசியாக, க்ளிக்கைத் துப்பறியவும் பயன்படுத்தலாம். கௌரி என்ற பெயரைப் பலர் க, ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று தட்டிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். ஆனால் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் இரண்டும் வேறுவேறு இடத்தில் நிற்கும். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் ஒரு க்ளிக். கர்சர் அந்த ளகரம் போன்ற உருவத்துக்கு முன்னால் நின்றால் அது உண்மையிலேயே ளகரம், தட்டியவர் 'கெள' என்று தட்டியிருக்கிறார். நிற்க மறுத்து ஓரத்துக்குத் தாவினால் அது நிஜமான ஔகாரம். உங்கள் வகுப்புப் பட்டியலில் கௌதமோ கௌசல்யாவோ இருந்தால் போய்ச் சோதித்துப் பாருங்கள். ஒன்றிரண்டாவது மாட்டும்.